வறுத்த வாசம், நுரைத்த பால்... ஹோஜிச்சா லாட்டே வீட்டுல போடுறது எப்படி?

முதல் தடவை ஹோஜிச்சா லாட்டே போட்டப்போ, நம்ம வீட்டு டீ மாதிரியே போட்டுட்டேன். பால் பாத்திரத்துல பவுடரைக் கொட்டி, மூணு தடவை பொங்க விட்டு, வடிகட்டி, டம்ளர்ல ஊத்தினேன். வாசனைக்கு ஆசைப்பட்டு கிச்சனுக்குள்ள வந்த அம்மா, "என்னடி, கடலை வறுத்தியா?"ன்னு கேட்டாங்க. ஒரு வாய் குடிச்சுட்டு, "கடலை கருகிடுச்சு போல"ன்னு டம்ளரை வெச்சுட்டுப் போயிட்டாங்க. அடியில ஒரு விரல் அளவுக்குப் பழுப்புச் சேறு. மேல தடிமனா பாலாடை. கஃபேல வாங்கிக் குடிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

தப்பு பவுடர்ல இல்லைங்க, நான் போட்ட விதத்துலதான். அதுக்கப்புறம் தேடிப் படிச்சு, அஞ்சாறு தடவை போட்டுப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் இங்க சொல்றேன். கூடவே, "இதுல காஃபினே கிடையாது, ராத்திரியும் குடிக்கலாம்"னு ரீல்ஸ்ல சொல்றாங்களே, அந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாம்.

ஹோஜிச்சான்னா என்ன?

ஜப்பானிய மொழியில 'ஹோஜிரு'ன்னா வறுக்கிறது. 'ச்சா'ன்னா டீ. வறுத்த டீ, அவ்வளவுதான் பெயர். இந்த 'ச்சா'வும் நம்ம ஊர்ல சில வீடுகள்ல சொல்ற 'சாயா'வும் ஒரே சீனச் சொல்லிலிருந்து வந்தவை. தேயிலை, தேநீர்ல இருக்கிற 'தே' அதே பானத்துக்குச் சீனாவோட இன்னொரு வட்டார வழக்கு.

கறுப்பு டீ, கிரீன் டீ, ஹோஜிச்சா மூணும் ஒரே செடியோட இலைதான். பறிச்ச இலையை வாட விட்டு, காற்றோட சேர்ந்து கறுக்க விட்டா கறுப்பு டீ. ஜப்பான்ல பறிச்ச உடனே ஆவியில வேக வைப்பாங்க. அதனால இலை கறுக்காம பச்சையாவே நின்னுடும். அந்தப் பச்சை இலையை எடுத்து அதிகச் சூட்டுல வறுத்தா ஹோஜிச்சா. பார்க்க கறுப்பு டீ மாதிரி இருந்தாலும் அந்தப் பழுப்பு நிறம் நெருப்புல வந்தது.

1920கள்ல கியோட்டோ நகரத்து டீ வியாபாரிகள், விற்காமத் தங்கின இலைகளையும் காம்புகளையும் வீணாக்க மனசில்லாம கரி அடுப்புல வறுத்ததுதான் இதோட தொடக்கம்னு பரவலா சொல்லப்படுது. அதாவது இது பணக்கார பானமா பிறக்கலை. முதல் பறிப்பு இளந்தளிர் எல்லாம் 'சென்ச்சா'ங்கிற உயர்ந்த ரகத்துக்குப் போயிடும். அதுக்கப்புறம் வர்ற முற்றின இலை 'பன்ச்சா'. ஹோஜிச்சாவுக்குப் பெரும்பாலும் போறது இந்த பன்ச்சாவும் காம்பும்தான். கனஸாவா நகரம் இருக்கிற இஷிகாவா பகுதியில காம்பை மட்டும் வறுத்து 'காகா போச்சா'ன்னு ஒரு ரகம் பண்றாங்க. இலை ஹோஜிச்சாவை விட இனிப்பும் மென்மையும் கூட. கியோட்டோவுல 'இரிபன்ச்சா'ன்னு இன்னொண்ணு இருக்கு. திறந்தாலே விறகு அடுப்புப் புகை வாசனை அடிக்கும். லாட்டேவுக்கு அது வேண்டாம், பாலோட சேரும்போது புகை பிடிச்ச பால் மாதிரி ஆயிடும்.

ஜப்பான்ல டீக்கடை வாசல்லயே வறுக்கிற மெஷினை வெச்சிருக்கிறது சகஜம். தெருவுல போறவங்களை மூக்கைப் பிடிச்சு உள்ள இழுக்கிற உத்தி. நம்ம ஊர்ல காபிக்கொட்டை அரைக்கிற கடை பண்ணுற அதே வேலை!

வறுக்கும்போது என்ன நடக்குது?

கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸ் சூட்டுல, இலையில இருக்கிற அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினை புரியும். வேர்க்கடலை, எள், காபிக்கொட்டை வறுக்கும்போது நடக்கிற அதே மெய்லார்டு வினை. அதுல உருவாகிற பைரசின்கள்தான் அந்த வறுத்த வாசனை. அம்மா 'கடலை'ன்னு சொன்னது அறிவியல்படி சரி. அதே நேரம் கிரீன் டீயோட துவர்ப்புக்குக் காரணமான கேட்டச்சின்கள் குறையுது. கிரீன் டீயில பால் ஊத்தினா பலருக்குப் பிடிக்காது. ஹோஜிச்சா பாலோட ஒட்டிப் போறதுக்குக் காரணம் இந்தத் துவர்ப்புக் குறைவும் வறுத்த வாசனையும்தான்.

இன்னொரு விஷயம். எந்தத் தாவரப் பொருளை அதிகச் சூட்டுல வறுத்தாலும் அக்ரிலமைடுங்கிற வேண்டாத பொருளும் கொஞ்சம் உருவாகும். உருளைக்கிழங்கு சிப்ஸ், காபி எல்லாத்துலயும் உண்டு, ஹோஜிச்சாவுலயும் உண்டு. தினம் ஒரு கப் குடிக்கிறதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா வீட்டுல வறுக்கிறவங்க கறுப்பாகிற வரை வறுக்காதீங்க.

வாங்கும்போது லேபிளைப் பாருங்க

ஆன்லைன்ல 'ஹோஜிச்சா'ன்னு தேடினா மூணு வகை வரும். முழு இலை அல்லது காம்பு. இலையை மாவா அரைச்ச பவுடர். அப்புறம் 'லாட்டே மிக்ஸ்'. மூணாவதுதான் விலை குறைவா தெரியும், அங்கதான் ஏமாறுவோம். இந்தியாவுல விற்கிற பாக்கெட் உணவுல சேர்மானங்களை எடை அதிகமானதுல இருந்து குறைவானதுக்கு வரிசையா எழுதணும்ங்கிறது விதி. மிக்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. முதல் பெயர் சர்க்கரை, ரெண்டாவது பால் பவுடர், கடைசியில ஹோஜிச்சான்னு இருந்தா, நீங்க காசு கொடுக்கிறது சர்க்கரைக்கு. ஹோஜிச்சா பவுடர்னா சேர்மானப் பட்டியல்ல ஒரே ஒரு பெயர்தான் இருக்கணும்.

நல்ல பவுடர் செம்பழுப்பா, கோகோ தூள் மாதிரி இருக்கும். கரி மாதிரி கறுப்பா இருந்தா அதிகமா வறுபட்டதுன்னு அர்த்தம். பால்ல கலந்தா கசப்புதான் மிஞ்சும்.

மச்சாவோட ஒப்பிட்டா விலை எப்படி? மச்சாவுக்குச் செடியை வாரக்கணக்குல நிழல்ல மூடி வளர்க்கணும். உலகம் முழுக்க தேவை எகிறினதால 2024 கடைசியில கியோட்டோவோட பெரிய டீ நிறுவனங்களே ஒரு ஆளுக்கு இத்தனை டப்பாதான்னு கட்டுப்பாடு போட்டாங்க. ஹோஜிச்சாவுக்கு நிழலும் வேண்டாம், முதல் பறிப்பும் வேண்டாம். அதனால பொதுவா மச்சாவை விட விலை குறைவு.

வீட்டுலயே வறுக்கலாமா?

தாராளமா. ஜப்பான்லயே பழசாகி வாசனை போன கிரீன் டீயை வீட்டுல வறுத்து ஹோஜிச்சாவாக்கிக் குடிக்கிற பழக்கம் உண்டு. இதுக்குன்னே 'ஹோரோகு'ன்னு கைப்பிடி வெச்ச மண் சட்டி இருக்கு. கைப்பிடி உள்ள ஓட்டையா இருக்கும், வறுத்ததும் சாய்ச்சா இலை அந்த வழியா கொட்டும்.

நம்மகிட்ட வாணலி போதும். ஆனா ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, தாளிச்ச வாசனை இல்லாத வாணலியா இருக்கணும். கடுகு, பெருங்காயம் பார்த்த வாணலின்னா டீயும் அதையேதான் சொல்லும். ரெண்டு, முழு இலை கிரீன் டீயா இருக்கணும். டீ பேக்ல இருக்கிற பொடி சட்டுனு கருகிடும். துளசி, எலுமிச்சை சேர்த்த வகையும் வேண்டாம்.

வாணலியை மிதமா சூடாக்கி, ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் இலையைப் போட்டு, தீயைக் குறைச்சு, கையை எடுக்காம குலுக்கிக்கிட்டே இருங்க. முதல்ல புல் வாசனை வரும். அப்புறம் லேசா புகை, கூடவே கடலை வாசனை. மூணுல இருந்து அஞ்சு நிமிஷத்துக்குள்ள பச்சை போய்ப் பழுப்பு வந்துடும். நீங்க நினைக்கிற நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே தட்டுல கொட்டிடுங்க. வாணலியிலயே விட்டா அடுப்பை அணைச்ச பிறகும் அந்தச் சூட்டுல வறுபட்டுக்கிட்டே இருக்கும். என்னோட முதல் ஈடு போனது அப்படித்தான்.

டிகாக்‌ஷன்: தண்ணீர்ல முதல்ல, பால் பிறகு

இலையை நேரடியா பால்ல கொதிக்க விடாதீங்க. பால்ல இருக்கிற புரதமும் கொழுப்பும் நடுவுல நிற்கிறதால தண்ணீர்ல இறங்குற அளவுக்குச் சாறு இறங்காது. முதல்ல கெட்டியா ஒரு டிகாக்‌ஷன். ஃபில்டர் காபி போடுற வீட்டுல இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு கப்புக்கு 6 கிராம் இலை. வெயிங் மெஷின் இல்லைன்னா குவியலா ரெண்டு டேபிள்ஸ்பூன்னு வெச்சுக்கலாம். காம்பு ரகம்னா இடத்தை அதிகம் அடைக்கும், இன்னும் கொஞ்சம் கூட. அதுமேல தளதளன்னு கொதிக்கிற தண்ணீர் 100 மில்லி. சென்ச்சாவுக்கு 70, 80 டிகிரிக்கு ஆற வெச்ச தண்ணீர்தான் ஊத்தணும், இல்லைன்னா கசக்கும். ஹோஜிச்சாவுக்கு அந்தக் கவலை இல்லை. அதிகச் சூடு இருந்தாத்தான் வறுத்த வாசனை மேல வரும். மூடி போட்டு ரெண்டு நிமிஷம். வெறும் டீயா குடிக்கிறதுக்கு 30 விநாடி போதும், பாலுக்கு எதிரா நிற்கணும்னா ரெண்டு நிமிஷம் வேணும். வடிகட்டிப் பிழிஞ்சு எடுத்தா 80 மில்லி சுமாருக்குக் கிடைக்கும். மீதியை இலை குடிச்சுடும்.

பவுடர்னா கதை வேற. அது கரையாது, மிதக்கும். 3 கிராம், அதாவது ஒண்ணரை டீஸ்பூன் பவுடரைச் சின்ன வடிகட்டியில சலிச்சுக்கோங்க. சலிக்காம விட்டா கட்டி கட்டியா நிக்கும். ரெண்டு ஸ்பூன் சூடான தண்ணீர் விட்டு முதல்ல பேஸ்ட் மாதிரி குழைச்சுட்டு, அப்புறம் 50 மில்லி வரைக்கும் தண்ணீர் சேர்த்து அடிங்க. மச்சா மாதிரி மேல பச்சைப் பட்டு நுரை வரும்னு காத்திருக்காதீங்க, இது அந்த அளவுக்கு நுரைக்காது. கட்டி இல்லாம இருந்தா போதும். குடிக்கும்போது நடுநடுவுல ஒரு சுற்று சுத்திக்கோங்க, அடியில தங்காது.

பால்தான் பாதி வேலை

கஃபேல சுவை மாறுறதுக்குக் காரணம் இங்கதான் இருக்கு. நாம பாலைப் பொங்க விடுறோம். அவங்க 60, 65 டிகிரியில நிறுத்திடுறாங்க. அந்தச் சூட்டுல பாலோட இயல்பான இனிப்பு நாக்குல நல்லா தெரியும். 70 டிகிரியைத் தாண்டினா மோர்ப்புரதம் குலைஞ்சு, காய்ச்சின பால் வாசனை வர ஆரம்பிக்கும். நமக்கு அது பழகின, பிடிச்ச வாசனைதான். ஆனா ஹோஜிச்சாவோட மெல்லிய வறுவல் வாசனையை அது அமுக்கிடும்.

'கொதிக்க வைக்காத பாலா?'ன்னு வீட்டுல கேட்பாங்க. பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்ச்சரைஸ் பண்ணினது. ஃபிரிட்ஜ்லயே இருந்த, தேதி தாண்டாத பாக்கெட்டுன்னா 65 டிகிரி போதும். பால்காரர்கிட்ட வாங்குற கறந்த பால்னா கட்டாயம் காய்ச்சி, ஆற வெச்சு, ஆடையை எடுத்துட்டு அதைத்தான் பயன்படுத்தணும். இதுல சமரசம் வேண்டாம்.

எந்தப் பால்? டோன்டு பால்ல கொழுப்பு 3 சதவிகிதம், ஸ்டாண்டர்டைஸ்டுல 4.5, ஃபுல் க்ரீம்ல 6. டோன்டு நல்லா நுரைக்கும், ஆனா குடிக்கத் தண்ணியா இருக்கும். ஃபுல் க்ரீம் வாய்க்கு நல்லா இருக்கும், ஹோஜிச்சா வாசனையைக் கொஞ்சம் மூடிடும். எனக்கு நடுவுல இருக்கிற 4.5 சரியா வந்தது. பால் சேராதவங்களுக்கு ஓட்ஸ் பால் நல்ல ஜோடி, அதுலயே ஒரு தானிய இனிப்பு இருக்கு. ஜப்பான்ல சோயா பால்லயும் குடிக்கிறாங்க.

தெர்மாமீட்டர் இல்லாதவங்க பாத்திரத்தோட ஓரத்தைக் கவனிங்க. முத்து மாதிரி சின்னச் சின்னக் குமிழ் ஓரத்துல கட்ட ஆரம்பிக்கும், மேல லேசா ஆவி பறக்கும், நடுவுல அசைவு இருக்காது. அங்கயே நிறுத்துங்க. ஆடை கட்டினா தாண்டிட்டீங்க.

வீட்டுல எஸ்பிரெசோ மெஷின் இருந்தா ஆவிக்குழாயோட நுனியைப் பால் மட்டத்துல வெச்சு, காகிதம் கிழியிற மாதிரி 'சர் சர்'னு சத்தம் வர்ற வரைக்கும் சில விநாடி காற்றை ஏத்துங்க. பாத்திரம் கைக்கு வெதுவெதுப்பா தெரியும்போதே நுனியை உள்ள இறக்கி, பால் சுழலுற மாதிரி சாய்ச்சுப் பிடிங்க. கையைத் தொட்டு வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்துங்க. குமிழ் கண்ணுக்குத் தெரியாம, பெயின்ட் மாதிரி பளபளப்பா இருக்கணும்.

மெஷின் இல்லையா? ஃபிரெஞ்ச் பிரஸ் இருந்தா அதுல மூணுல ஒரு பங்கு சூடான பால் ஊத்தி, 15, 20 தடவை வேகமா மேல கீழ இழுங்க. மெஷினுக்கு நெருக்கமான நுரை இதுலதான் வருது. பேட்டரில ஓடுற ஃப்ரோத்தரும் ஓகே. ஒண்ணுமே இல்லைன்னா மூடி போட்ட பாட்டில்ல குளிர்ந்த பாலைப் பாதி ஊத்தி, ஒரு நிமிஷம் நல்லா குலுக்கி, அதுக்கப்புறம் பாத்திரத்துல ஊத்திச் சூடு பண்ணுங்க. சூடான பாலை மூடிக் குலுக்காதீங்க. ஆவி அழுத்தத்துல மூடி தெறிச்சு கையைப் பதம் பார்த்துடும்.

டபரா டம்ளர்ல ஆத்தினா? நுரை வரும், ஆனா பெரிய குமிழ், சீக்கிரம் உடைஞ்சுடும். பாலும் ஆறிடும். லாட்டேவுக்கு வேண்டாம். அது ஃபில்டர் காபிக்கே இருக்கட்டும்!

நுரைச்ச பாத்திரத்தை மேடையில ரெண்டு தட்டு தட்டினா பெரிய குமிழ்கள் உடையும். ஒரு சுழட்டு சுழட்டி, 150 மில்லியை டிகாக்‌ஷன் மேல மெதுவா ஊத்துங்க. கடைசி ரெண்டு ஸ்பூன் நுரை மேல.

இனிப்புக்கு வெள்ளைச் சர்க்கரையை விட நாட்டுச்சர்க்கரை இதுக்குப் பொருந்தும். ஜப்பான்லயும் ஒகினாவா தீவுகளோட கறுப்புச் சர்க்கரையை ஹோஜிச்சாவோட சேர்ப்பாங்க. கரும்புச் சாறைக் காய்ச்சி எடுக்கிறதுதான், நம்ம வெல்லத்துக்கு அண்ணன் தம்பி. வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ, பால்ல போட்டுச் சூடாக்காதீங்க, திரிஞ்சுடலாம். சூடான டிகாக்‌ஷன்ல கரைச்சுட்டு அப்புறம் பாலை ஊத்துங்க.

ராத்திரி குடிக்கலாமா?

இப்போ அந்தக் கணக்கு. வறுக்கும்போது காஃபின் கொஞ்சம் ஆவியாகிப் போறது உண்மை. முற்றின இலையிலயும் காம்புலயும் காஃபின் குறைவுங்கிறதும் உண்மை. ஆனா 'குறைவு' வேற, 'இல்லை' வேற.

ஜப்பான் அரசோட உணவுச் சத்து அட்டவணை, 100 மில்லி ஹோஜிச்சாவுல 20 மில்லிகிராம் காஃபின்னு சொல்லுது. சாதாரண சென்ச்சாவுக்கும் அதே 20தான். பன்ச்சா 10, கறுப்பு டீ 30, காபி 60. அந்த ஹோஜிச்சா எப்படிப் போட்டதுன்னும் அட்டவணையிலயே இருக்கு. 15 கிராம் இலைக்கு 650 மில்லி தண்ணீர், 90 டிகிரி, அரை நிமிஷம். அதாவது 15 கிராம்ல இருந்து அரை நிமிஷத்துல சுமார் 130 மில்லிகிராம் இறங்குது. நம்ம லாட்டேவுக்கு 6 கிராம் போட்டோம். அதே கணக்குல 50 மில்லிகிராமுக்கு மேல. நாம விட்டதோ அரை நிமிஷம் இல்லை, கொதிநீர்ல ரெண்டு நிமிஷம். அப்போ இன்னும் கூடத்தான் இருக்கும். பவுடர்னா இலையையே முழுங்குறோம், உள்ள இருக்கிறது எல்லாம் உள்ளதான் போகுது.

ஆக, லேசா போட்ட வெறும் ஹோஜிச்சா சாதுவான டீ. கெட்டியா போட்ட ஹோஜிச்சா லாட்டே, கிட்டத்தட்ட ஒரு கப் டீக்குச் சமம். காஃபின் உடம்புல பாதியா குறையவே பெரியவங்களுக்குச் சராசரியா 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 9 மணிக்கு 'காஃபின் ஃப்ரீ'ன்னு நம்பி ஒரு பெரிய கப் குடிச்சுட்டு, 1 மணிக்கு சீலிங் ஃபேனைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தா அதுக்குக் காரணம் ஸ்ட்ரெஸ்ஸா மட்டும் இருக்கணும்னு இல்லை.

கர்ப்பமா இருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவங்களுக்குச் சொல்ற அளவு நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள்ள. ஹோஜிச்சா குடிக்கவே கூடாதுன்னு இல்லை. 'இது கணக்குல வராது'ன்னு நினைச்சு, டீ காபிக்கு மேல இதையும் சேர்த்துக் குடிக்கிறதுதான் சிக்கல். டாக்டர்கிட்ட பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்க.

வறுத்த சுவை வேணும், காஃபின் சுத்தமா வேண்டாம்னா ஜப்பான்காரங்களே அதுக்கு வேற ஒண்ணு வெச்சிருக்காங்க. 'முகிச்சா', வறுத்த பார்லியைக் கொதிக்க வெச்ச தண்ணீர். தேயிலையே இல்லாததால காஃபின் கிடையாது. குழந்தைகளுக்கும் அங்க அதைத்தான் கொடுக்கிறாங்க. நம்ம மளிகைக்கடை பார்லியை வாணலியில பழுப்பா வறுத்து, இதே மாதிரி டிகாக்‌ஷன் எடுத்து, இதே மாதிரி பால் ஊத்தினா ராத்திரி கப் ரெடி. சுவை அப்படியே ஹோஜிச்சா இல்லை, ஆனா அந்தக் குடும்பம்தான்.

சாப்பாட்டோட வேண்டாம்

ஜப்பான்ல ஹோஜிச்சாவைச் சாப்பாட்டோடயே பரிமாறுவாங்க. நம்ம நிலைமை வேற. வறுத்த பிறகும் இதுல டானின் வகைப் பொருட்கள் இருக்கு. கீரை, பருப்பு, தானியத்துல இருந்து கிடைக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கிறதை அது குறைக்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவுல 15 முதல் 49 வயசு வரை உள்ள பெண்கள்ல 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. டீ, காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் ஒரு மணி நேரம் பின்னாடியும் தவிர்க்கச் சொல்லி, ஐ.சி.எம்.ஆரோட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லுது. ஹோஜிச்சா லாட்டேவுக்கும் அதேதான். இரும்பு மாத்திரை எடுக்கிறவங்க மாத்திரையை இதோட சேர்த்து முழுங்காதீங்க. டீயும் தடுக்கும், பால்ல இருக்கிற கால்சியமும் தடுக்கும். என் கணக்குல இதுக்குச் சரியான நேரம் சாயங்காலம் நாலு, நாலரை.

வெயில் காலத்துக்கு

அதே 6 கிராமுக்குத் தண்ணீரை 60 மில்லியா குறைச்சுக்கோங்க. இனிப்பைச் சூட்டோட கரைச்சு, ஐஸ் நிறைஞ்ச கிளாஸ்ல ஊத்தி, குளிர்ந்த பால் 120 மில்லி. காய்ச்சின பாலா இருந்தா ஆடையை வடிகட்டிட்டு ஊத்துங்க, ஸ்ட்ராவுல மாட்டிக்கும்.

பாக்கெட்டைப் பிரிச்சதும் காற்றுப் புகாத டப்பாவுல, வெளிச்சம் படாம, மசாலா அலமாரியை விட்டுத் தள்ளி வைங்க. தேயிலை பக்கத்துல இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கும். பவுடரை ஒரு மாசத்துக்குள்ள முடிச்சுடுறது நல்லது. இலை கொஞ்சம் தாங்கும். வாசனை குறைஞ்சுட்டா தூக்கிப் போடாதீங்க, வெறும் வாணலியில ஒரு நிமிஷம் சிம்ல புரட்டி எடுங்க. அந்தக் கடலை வாசனை திரும்ப வந்துடும்.